பள்ளிக் கணிதத்தில் குறிவரைவு: மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு

எண்களாகத் திரட்டிய தகவலைப் படம், பட்டை, கோடு, வட்டம் ஆகிய வடிவங்களில் காட்டும் கணித முறை குறிவரைவு எனப்படும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இது 'தரவைக் கையாளுதல்' என்னும் பிரிவில் கற்பிக்கப்படுகிறது. படக்குறிவரைவு, பட்டைக்குறிவரைவு, வட்டக்குறிவரைவு ஆகிய மூன்றும் தொடக்கப்பள்ளிப் பாடங்கள். கோட்டு வரைபடம், தண்டு-இலைப் படம், ஹிஸ்டோகிராம், ஓகிவ் (குவிவு நிகழ்வெண் வளைகோடு) போன்றவை இடைநிலைப்பள்ளிக்கு உரியவை.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் சுவா, சுவா பெத்தோங் உள்ளிட்ட ரப்பர்த் தோட்டப் பகுதிகளில் தமிழ்க் கல்வி தோட்டப்பள்ளியாகத்தான் தொடங்கியது. அந்தப் பள்ளிகள் வாய்ப்பாட்டுக் கணக்கிலிருந்து தரவுப் பாடத்துக்கு வந்துசேர ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. அதன்பிறகு பாடத்தின் அழுத்தம் வரைவதிலிருந்து வாசிப்பதற்கு நகர்ந்தது. வாசிப்பதற்கு மொழி வேண்டும் என்பதால், பயிற்றுமொழி மாறிய ஒவ்வொரு முறையும் கணிதத்தின் மற்றப் பிரிவுகளைவிட இந்தப் பிரிவே அதிகம் ஆட்டம் கண்டது.

தோற்றம்

இன்று பள்ளிகளில் உள்ள குறிவரைவு வகைகளில் பலவற்றுக்கு மூலவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர். 1786-இல் அவர் வெளியிட்ட வணிக, அரசியல் வரைபட நூலில் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதி ஆண்டுவாரியாகக் கோடுகளாய் வரையப்பட்டிருந்தது. ஸ்காட்லாந்துக்கு மட்டும் பல ஆண்டுப் புள்ளிவிவரம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1781-ஆம் ஆண்டின் கணக்கு ஒன்றே கையில் இருந்ததால், நாட்டுக்கு இரண்டு பட்டை என வரைந்து காட்டினார். பட்டை வரைபடம் இப்படித் தரவுப் பஞ்சத்தில் பிறந்தது. 1801-இல் வந்த அவரது இன்னொரு நூலில், துருக்கியப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என மூன்று துண்டுகளாகப் பிரித்த வட்டமாக இடம்பெற்றது. வட்டக்குறிவரைவின் முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது அதுவே.

படக்குறிவரைவின் வரலாறு தனி. 1920களில் வியன்னாவில் சமூக, பொருளாதார அருங்காட்சியகம் நடத்திய ஆட்டோ நொய்ராத், படிப்பறிவு குறைந்த தொழிலாளருக்கும் புள்ளிவிவரம் புரிய வேண்டும் என்று ஒரு பட முறையை வகுத்தார். பின்னர் அது ஐசோடைப் என்று பெயர் பெற்றது. எண்ணிக்கை கூடினால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவுப் படத்தைக் கூடுதலாக அடுக்க வேண்டும் என்பது அதன் தலையாய விதி. உயரத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகிக் கண்ணை ஏமாற்றிவிடும். ஒவ்வொரு படமும் ஒரே அளவில், நேர்வரிசையில் இருக்க வேண்டும் என்று இன்று ஆசிரியர் வலியுறுத்துவதன் வேர் இங்கே இருக்கிறது.

ஹிஸ்டோகிராம் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கார்ல் பியர்சன், காலம் 1890கள். தண்டு-இலைப் படத்தையும் பெட்டிப் படத்தையும் ஜான் டூக்கியின் 1977-ஆம் ஆண்டு நூல் பரப்பியது.

பள்ளிக்குள் நுழைவு

வணிகரும் பொறியாளரும் பயன்படுத்திய வரைபடம் நூறாண்டுக்கு மேல் பள்ளிக்கு வெளியிலேயே நின்றது. கட்டத்தாளின் விலையும் அதற்கொரு காரணம். ஜப்பானிலும் பின்னர் லண்டனிலும் பொறியியல் மாணவருக்குக் கட்டத்தாளில் பாடம் நடத்திய ஜான் பெர்ரி, 1901-இல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில், யூக்ளிடின் நிறுவல்களை மனப்பாடம் செய்வதைக் குறைத்து அளத்தல், வரைதல் வழியே கணிதம் கற்பிக்க வேண்டும் என்று வாதாடினார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஈ. எச். மூர், ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் கிளைன் ஆகியோரும் இதே திசையில் பேசினர். ஆங்கிலேயப் பாடநூல்களில் கட்டத்தாள் வேகமாக இடம்பிடித்தது. ஆனால் அது மேல்வகுப்பு இயற்கணிதத்துக்கான கருவியாகவே வந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் தரவு தேவை என்ற எண்ணம் வலுப்பெற இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரை ஆயிற்று.

மலாயாத் தோட்டப்பள்ளிகள்

மலாயாவில் முதல் தமிழ் வகுப்பு 1816-இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தொடங்கியது. தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் பெருகியது ரப்பர்க் காலத்தில். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டத்தை நிறைவேற்றினால் போதும் என்ற அளவில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஓர் ஓரத்தில் பல பள்ளிகள் எழுந்தன. ஓராசிரியர், பலகைப் பெஞ்சு, தமிழகத்திலிருந்து வந்த பாடநூல். எழுத்து, வாசிப்பு, கணக்கு என்ற மூன்றோடு பாடம் முடிந்தது. கணக்கு என்றால் வாய்ப்பாடு, நான்கு அடிப்படைச் செயல்கள், பணம், நிறுத்தல் அளவைகள். வரைபடத்துக்கு அதில் இடமில்லை.

பள்ளியில் இல்லாத தரவு தோட்டத்தில் நிறைந்திருந்தது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் செக்ரோல் புத்தகத்தில் வருகை பதிவாகும். பால் நிறுக்கும் இடத்தில் ஆளுக்கு எவ்வளவு பால் என்று தோட்ட எழுத்தரான கிராணி எழுதுவார். மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணிப்பார்கள். மழைமானியில் தேங்கிய நீர் நாள்தோறும் அளக்கப்படும். ஆண்டின் தொடக்க மாதங்களில் மரங்கள் இலை உதிர்க்கும்போது பால் குறையும்; மாதவாரி விளைச்சலைக் கோடாக வரைந்தால் அந்த இடத்தில் பள்ளம் தெரியும். பால்வெட்டும் பகுதியான ஒரு தீம்பாரில் எந்த நிரையில் பால் எவ்வளவு என்பது பால்வெட்டுத் தொழிலாளிக்கு அனுபவத்தில் தெரியும். அதை ஏட்டில் எழுதியதும் கூலி கணக்கிட்டதும் ஆபீஸ்.

தோட்ட மக்களின் வாழ்வை நிர்ணயித்த இன்னொரு வரைபடம் லண்டன் சந்தையின் ரப்பர் விலைக்கோடு. அது 1910-இல் உச்சம் தொட்டது. முதல் உலகப் போருக்குப் பின் சரிந்தது. 1922-இல் ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தபின் ஏறி 1925-இல் மீண்டும் சிகரம் கண்டது. 1932-இல் அதலபாதாளத்துக்குப் போனது. அந்தச் சரிவின் அடிவாரத்தில்தான் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1950-51 கொரியப் போரின்போது விலை மறுபடி எகிறியது. இந்த ஏற்ற இறக்கம் தோட்டத்தில் வேலையாகவும் வேலையிழப்பாகவும் உணரப்பட்டது. தோட்டப்பள்ளிப் பாடத்தில் கோடாக வரையப்படவில்லை.

பொதுப் பாடத்திட்டமும் புதிய கணிதமும்

1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் அதையொட்டிய 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தன. தமிழ்ப்பள்ளி தேசிய முறையின் பகுதியானது. தமிழகப் பாடநூல் விலகி உள்ளூர்ப் பாடநூல் வந்தது. மலாய்ப் பள்ளியிலும் சீனப் பள்ளியிலும் உள்ள கணிதமே தமிழ்ப்பள்ளியிலும் என்ற நிலை உருவானது.

உலகெங்கும் பரவிய 'நவீன கணித'த்தையொட்டி, 1970களில் மலேசிய இடைநிலைப்பள்ளிகள் ஸ்காட்லாந்துக் கணிதக் குழுவின் நூல்களைத் தழுவின. புள்ளியியலும் சார்புகளின் வரைபடமும் அந்த வழியாகப் பொதுப் பாடமாயின. தொடக்கப்பள்ளியில் மாற்றத்தைக் கொண்டுவந்தது 1983-இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டம். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் முன்னிறுத்திய அதன் மேல்நிலை ஆண்டுகளில் சராசரியும் எளிய குறிவரைவுகளும் இடம்பெற்றன. 1988-இல் தொடங்கிய, தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் பலத்தைக் கொடுத்தது.

தேர்வில் படக்குறிவரைவின் உயிர்நாடி அதன் கீழே சிறியதாக அச்சிடப்படும் குறிப்பு வரி. ஒரு வாளிப் படம் 20 லிட்டர் பாலைக் குறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முத்துவின் வரிசையில் நான்கரை வாளி, மாரியின் வரிசையில் மூன்று வாளி. முத்து எடுத்த பால் 90 லிட்டர், மாரி எடுத்தது 60, வேறுபாடு 30. குறிப்பு வரியைப் பார்க்காத பிள்ளை ஒன்றரை என்று எழுதும். அரை வாளியை முழு வாளியாக எண்ணியது 40 என்று எழுதும். இரண்டு பிள்ளைகளுக்கும் கழிக்கத் தெரியும். இருவரும் தவறியது படத்தை வாசிப்பதில்.

பயிற்றுமொழி மாற்றங்கள்

குறிவரைவுக் கேள்வி சொற்கள் மிகுந்தது. ஒரே பட்டைக்குறிவரைவின் மேல் 'எவ்வளவு அதிகம்' என்று கேட்டால் கழிக்க வேண்டும். 'எத்தனை மடங்கு' என்று கேட்டால் வகுக்க வேண்டும். 'மொத்தத்தில் எத்தனை விழுக்காடு' என்றால் கூட்டி, வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். படம் மாறுவதில்லை, செயலைத் தீர்மானிப்பது சொல்.

2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் என்ற பி.பி.எஸ்.எம்.ஐ. கொள்கை முதலாம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தமிழில் எண்ணவும் கூட்டவும் பழகிவந்த தோட்டப் பிள்ளைக்குக் கூட்டல் கணக்கில் பெரிய இடர் இல்லை. எண் எல்லா மொழியிலும் எண். தரவுக் கேள்வியில் அப்படி நழுவ முடியாது. அந்த முதல் அணி 2008-இல் யு.பி.எஸ்.ஆர். எழுதியபோது வினாத்தாள் இரண்டு மொழிகளில் அமைந்தது. 2009-இல் அரசு கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தது. 2011-இல் முதலாம் ஆண்டில் தொடங்கிய கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டத்தோடு தமிழ்ப்பள்ளிக் கணிதம் தமிழுக்குத் திரும்பியது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்க இடமளித்து 2016-இல் வந்த இருமொழித் திட்டம் விவாதத்தை மறுபடி கிளப்பியது.

ஆறாம் ஆண்டுக்குப் பிறகு பெரும்பாலோர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். சிலர் இடையில் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்கிறார்கள். அங்கே பயிற்றுமொழி மலாய்: வேறுபாடு 'பெசா' ஆகிறது, மொத்தம் 'ஜும்லா' ஆகிறது, விழுக்காடு 'பெராத்துஸ்' ஆகிறது. பட்டையின் உயரத்தைச் சரியாகப் படிக்கும் மாணவரும் முதல் சில மாதங்களில் கேள்வியில் தடுக்கி விழக்கூடும்.

இன்றைய பாட வரிசை

தொடக்கப்பள்ளியின் கீழ் ஆண்டுகளில் பிள்ளைகள் தரவைச் சேகரித்து, வகைப்படுத்தி, படக்குறிவரைவையும் பட்டைக்குறிவரைவையும் வாசிக்கவும் அமைக்கவும் கற்கிறார்கள். மேல் ஆண்டுகளில் வட்டக்குறிவரைவும் சராசரி, முகடு, நடுவெண், வீச்சு ஆகிய அளவுகளும் வருகின்றன.

இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்தில் தரவைக் கையாளுதல் தனி இயல். இரண்டாம் படிவத்தில் சார்புகளின் வரைபடமும் மையப்போக்கு அளவுகளும் உள்ளன. நான்காம் படிவத்தில் இயக்க வரைபடங்கள், பெட்டிப் படம்; ஐந்தாம் படிவத்தில் வகுப்பாக்கிய தரவுக்கான ஹிஸ்டோகிராம், ஓகிவ். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் வரைதாள் வழங்கப்படுகிறது. 'அச்சில் 2 செ.மீ.க்கு 1 அலகு' என்பதுபோல் அளவுத்திட்டத்தைக் கேள்வியே சொல்லிவிடும். வளைகோட்டை இழுக்க வளையும் அடிக்கோலும் அனுமதி.

வட்டக்குறிவரைவில் தோட்டப்பள்ளிக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. 150 மாணவருக்குக் குறைவான பள்ளிகள் மலேசியாவில் தனி வகையாகக் கணக்கிடப்படுகின்றன; மக்கள் பட்டணம் நோக்கி நகர்ந்ததால் தோட்டப்பள்ளிகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. வகுப்பில் எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு 45 பாகை: வேனில் வருவோர் மூவருக்கு 135, மோட்டார் சைக்கிளில் வருவோர் நால்வருக்கு 180, நடந்து வரும் ஒருவருக்கு 45. கோணமானி ஒத்துழைக்கும். ஒருவர் மாறுதலாகிப் போய் ஏழு பேர் ஆகிவிட்டால் ஆளுக்கு 51 பாகைக்குச் சற்று மேல். கோடு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. பாடநூல் கணக்குகளுக்கு 24, 36, 40, 60, 72 என்ற எண்கள் தோதாக இருப்பது, 360-ஐ அவை மீதியின்றி வகுப்பதால்தான். சொந்த வகுப்பில் திரட்டும் தரவு அவ்வளவு சமத்தாக இருப்பதில்லை. கணக்கைத் தோராயமாக்குவதும் பாடத்தின் ஒரு பகுதி என்பது அங்கேதான் பிள்ளைக்குப் புரியும்.

வரைதலும் வாசித்தலும்

அமெரிக்க ஆய்வாளர் ஃபிரான்சஸ் குர்சியோ 1987-இல் குறிவரைவு வாசிப்பை மூன்று படிகளாகப் பிரித்தார். படத்தில் இருப்பதை அப்படியே சொல்வது முதல் படி. இரண்டு மதிப்புகளை ஒப்பிட்டும் கூட்டியும் புதிய தகவல் காண்பது இரண்டாம் படி. படத்தில் இல்லாததை அதன் போக்கிலிருந்து ஊகிப்பது மூன்றாம் படி. மலேசியாவில் 2013-2025 கல்விப் பெருந்திட்டத்துக்குப் பின் பேசப்படும் உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் பெரும்பாலும் பின்னிரு படிகளைச் சேர்ந்தவை.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஷெல் மையம் 1985-இல் வெளியிட்ட ஆசிரியர் தொகுப்பு, வரைபடத்தை நிலக்காட்சியாகப் பார்க்கும் பிழையை விரிவாக எடுத்துக்காட்டியது. தூர-நேரக் கோடு மேலேறி, படுத்து, கீழிறங்கினால், 'மலையேறி, சமவெளியில் நடந்து, இறங்கினான்' என்று மாணவர் எழுதுவார்கள். உண்மையில் அவன் வீட்டிலிருந்து கிளம்பி, ஓரிடத்தில் நின்று, திரும்பி வந்திருக்கிறான். நான்காம் படிவ மாணவர் இயக்க வரைபடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது.

அளவுத்திட்டம் செய்யும் வேலைக்கு மலேசியாவின் சொந்தத் தரவே சான்று. எட்டாம் வகுப்பு நிலையில் நடக்கும் டிம்ஸ் அனைத்துலக மதிப்பீட்டில் மலேசியாவின் கணிதச் சராசரி 1999-இல் 519, 2003-இல் 508, 2007-இல் 474, 2011-இல் 440, 2015-இல் 465, 2019-இல் 461, 2023-இல் 411. செங்குத்து அச்சைச் சுழியத்தில் தொடங்கி 1 செ.மீ.க்கு 50 புள்ளி என வரைந்தால், முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையில் உயர வேறுபாடு 2 செ.மீ.க்குச் சற்று மேல். கோடு மெல்லச் சாய்வதுபோல் இருக்கும். அச்சை 400-இல் தொடங்கி 1 செ.மீ.க்கு 10 புள்ளி என வரைந்தால் அதே வேறுபாடு 10.8 செ.மீ.; கோடு செங்குத்தாகச் சரியும். இரண்டும் பிழையற்ற வரைபடங்கள். எதைக் காட்ட வரைந்தார்கள் என்று அச்சைப் பார்த்துக் கேட்கத் தெரிவதே வாசிப்பு. பட்டைக்கு இந்தச் சலுகை இல்லை: பட்டையின் நீளமே மதிப்பு என்பதால் அதன் அச்சு சுழியத்தில்தான் தொடங்க வேண்டும்.

தரவைப் பிரித்து வாசிப்பதன் பயனுக்குச் சுவா வட்டாரத்துக்கு நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. 1998-99-இல் ஈப்போவில் தொடங்கிப் போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக்கைக் கடுமையாகத் தாக்கிய மூளைக்காய்ச்சல், முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. நோயாளிகளைத் தொழில்வாரியாகவும் வயதுவாரியாகவும் பிரித்துப் பார்த்தபோது, பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த வயதுவந்த ஆண்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரிதும் பிள்ளைகளைத் தாக்குவது. படம் பொருந்தவில்லை. நிப்பா என்னும் புதிய வைரஸ் 1999 மார்ச்சில் அடையாளம் காணப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டபின் நோய்க்கோடு தணிந்தது.

தமிழகத்திலும் இலங்கையிலும்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண் ஒதுக்கப்பட்டுள்ளது. இருபடிச் சார்பின் வளைகோடும் நேர், எதிர் மாறலின் வரைபடமும் அங்கே முதன்மை. மாணவர் மனத்தில் வரைபடம் என்றாலே வரைதாளும் கூரிய பென்சிலும்தான். 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டத்துக்குப் பின் இந்தியத் தொடக்க வகுப்புகளில் தரவு கையாளுதல் வேரூன்றியது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ஹிஸ்டோகிராம் 'வலையுருவரையம்' என்றும், நிகழ்வெண் பலகோணம் 'மீடிறன் பல்கோணி' என்றும் வழங்குகின்றன. மலேசியப் பிள்ளை தமிழகத்து வழிகாட்டியையோ இலங்கை வினாத்தாளையோ இணையத்தில் எடுத்துப் படிக்கும்போது, கணக்கு ஒன்றாகவும் கலைச்சொல் வேறாகவும் இருப்பதைக் காணலாம்.

தற்போதைய நிலை

கோவிட் பெருந்தொற்றால் 2020-ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். நடக்கவில்லை, 2021-இல் அந்தத் தேர்வே நீக்கப்பட்டது. வீட்டில் முடங்கியிருந்த அதே பிள்ளைகள் நாள்தோறும் தொலைக்காட்சியில் நோய்த்தொற்றுக் கோட்டின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தார்கள். இன்று தொடக்கப்பள்ளியில் குறிவரைவுத் திறன் வகுப்பறை மதிப்பீட்டில் அளக்கப்படுகிறது. பிள்ளையே கேள்வி எழுப்பி, தரவு திரட்டி, எந்த வகைப் படம் பொருந்தும் என்று முடிவெடுக்கத் தேர்வுக் காலத்தைவிட இப்போது இடம் அதிகம். அந்த இடத்தைப் பயன்படுத்துவது ஆசிரியரின் கையில் இருக்கிறது. மலேசியாவின் அடுத்த பள்ளிப் பாடத்திட்டம் 2027-இல் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ளது.